பெடல் கீழே போனால் முதலில் பார்க்க வேண்டியது

சிறுமலை இறக்கத்தில் என் பழைய காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து இறங்கி, மறுநாள் மதுரையில் வீட்டு வாசலில் வைத்துத்தான் பார்த்தேன்.

வண்டியை நிறுத்தி வைத்தே பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே ஒழுகலும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) சீல் மேல்தான் சந்தேகம். பஞ்சு மாதிரி இருந்து, நாலைந்து தடவை மிதித்தால் கெட்டியாகிறதா? பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாயில், காற்று. பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கலாம்.

எனக்கு வந்தது வேறு: பின் சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ரப்பரை விரலால் நீக்கியதும் பிரேக் ஆயில் சொட்டியது, ஷூ (டிரம்மில் உரசி நிறுத்தும் பட்டை) முழுக்க ஈரம். அந்த ஷூவைத் துடைத்துப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

அப்புறம் லைனில் இருக்கும் காற்றை எடுப்பது. உதவிக்கு ஒரு ஆள் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் சக்கரத்தருகே காற்று எடுக்க வைத்திருக்கும் நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறி, மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும்; இந்த வரிசை தப்பினால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வரும், பாதி நாள் போச்சு. பிரேக் ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மூடியில் டாட் 3 (பிரேக் ஆயிலின் வகை) என்றிருந்தால் அதையே, புது டின்னிலிருந்து ஊற்றுங்கள், ஏனென்றால் திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊதிவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், நடை வேகத்தில்.