ரோலர் டேட்டாவை எடுத்துப் பத்திரப்படுத்துவது எப்படி (காணாமல் போன அரை மணி நேரக் கதையோடு)

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சாலை வேலை. காலையில் உருட்டிய முதல் துண்டுக்கு டேட்டாவே (எங்கே, எப்போது, எத்தனை முறை உருட்டியது, மண் எவ்வளவு இறுகியது என்று ரோலரே பதியும் கணக்கு) இல்லை என்று கன்சல்டன்ட் பில்லை நிறுத்திவிட்டார். ரோலர் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன், ஆப்பரேட்டர் அண்ணன் சத்தியம் பண்ணாத குறை, ஆனால் ஃபைலில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. ரெண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. புதிதாக ஜிபிஎஸ் வைத்த ரோலர் வந்திருக்கும் சைட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சப்கிரேடு (சாலைக்கு அடியில் இறுக்கும் மண் தளம்), லேயர் (ஒரு அடுக்கு), பாஸ் (ரோலர் ஒருமுறை ஓடுவது) பற்றி இதற்கு மேல் விளக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

1. சாயங்காலமே எடுத்துவிடுங்கள்

ரோலர் நின்றதும் கேபினில் உள்ள பேனலில் பென்டிரைவைச் செருகி எக்ஸ்போர்ட் கொடுங்கள். ‘எல்லா பாஸும்’, ‘கடைசி நிலை மட்டும்’ என்று இரண்டு வகை கேட்டால் இரண்டையும் எடுங்கள். கடைசி நிலை ஃபைலில் தரையின் ஒவ்வொரு சிறு சதுரக் கட்டத்துக்கும் இறுதி பாஸின் அளவுதான் இருக்கும், எத்தனையாவது பாஸில் மண் இறுகியது என்று பின்னால் யாராவது கேட்டால் அதை வைத்துப் பதில் சொல்ல முடியாது. எழுதி முடிக்கும் வரை சாவியை அணைக்க வேண்டாம் என்று ஆப்பரேட்டரிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பூஜ்யம் கேபி ஃபைல்தான் மிஞ்சும். இங்கே உப்புக் காற்று வேறு. பென்டிரைவை டப்பாவில் மூடி வைக்காமல் டேஷ்போர்டில் போட்டால் முனை பச்சை பிடித்துப் போகிறது.

2. தேதி (நான் விழுந்த குழி)

வெயிலுக்குப் பயந்து காலை 5 மணிக்கே உருட்ட ஆரம்பிப்போம். எங்கள் பேனலோ நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் பதிகிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால், அதனால் நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அந்தப் பெட்டிக்கு அடுத்த நாள் பிறக்கும். 5 முதல் 5.30 வரை உருட்டியது நேற்றைய தேதியில் போய் உட்கார்ந்துகொண்டது. நேற்றைய ஃபைலை நான் நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டேன், இன்றைக்கு ‘இன்று’ என்று மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்தேன். அந்த அரை மணி நேரம் இரண்டு ஃபைலிலும் சேராமல் நடுவில் நின்றுவிட்டது. பேனல் மெமரியை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அதனால் எப்போதும் நேற்று முதல் இன்று வரை என்று இரண்டு நாளையும் சேர்த்து எடுங்கள். கொஞ்சம் இரட்டிப்பாக வரும், வரட்டும். மெமரியை அழிப்பதை பில் பாஸாகும் வரை தள்ளிப் போடுங்கள்.

3. எக்ஸெலில் திறக்காதீர்கள்

திறந்தால் கூடப் பரவாயில்லை, சேவ் பண்ணாதீர்கள். சிஎஸ்வி ஃபைலை (பேனல் தரும், காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்ஸெல் தன் இஷ்டத்துக்கு மணி, நிமிடம் என்று காட்டும், அப்படியே சேமித்தால் விநாடி போய்விடும். ஒரே நிமிடத்தில் பதிவான பத்து வரியில் எது முன்னே எது பின்னே என்று அப்புறம் சண்டைதான். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிக்கு மேல் ஏறாது என்பதால் பெரிய ஃபைலின் வாலும் வெட்டுப்படும். நான் க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். காசு கிடையாது, மேப்பிலேயே பார்த்துவிடலாம்.

அதில் யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) மண்டலம் 44 வடக்கு (பட்டியலில் அதன் எண் இபிஎஸ்ஜி 32644) கொடுங்கள். தொண்டி முதல் தனுஷ்கோடி, சாயல்குடி வரை நம் கரை முழுவதும் இதற்குள்தான். ஒருமுறை கை தவறி 43 கொடுத்துவிட்டேன், என் ரோலர் இலட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் உருண்டுகொண்டிருந்தது.

4. பெயர், பூட்டு, பிரதி

ஃபைல் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், செயினேஜ் (சாலையின் தொடக்கத்திலிருந்து தூரம்), லேயர் எண், ரோலர் எண் என்ற வரிசை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ எல்லாம் வேண்டாம்.

அப்புறம் 7-ஜிப்பில் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுங்கள். 64 எழுத்து வரும். அதை அன்றே கன்சல்டன்டுக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எழுத்துகள் வேறாகிவிடும், ‘நீ திருத்தினாய்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஃபைலையே ‘ரீட் ஒன்லி’ ஆக்கிவிடுங்கள், வேலை செய்ய வேறு பிரதி.

பிரதி மூன்று: லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. தனுஷ்கோடிப் பக்கம் வேலை என்றால் சிக்னலோடு மல்லுக்கட்டாமல் ராமநாதபுரம் ரூமுக்கு வந்து ஏற்றுங்கள். ஹார்டு டிஸ்க் சைட் ஆபீஸில் இருக்கக் கூடாது, ஐப்பசி மழையில் எங்கள் தகரக் கூரை ஒழுகியதைப் பார்த்தவன் சொல்கிறேன். கிளவுடில் மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ரோலர் டேட்டா இருந்தால் மணல் மாற்று சோதனை (குழி தோண்டி, அதில் மணல் நிரப்பி மண்ணின் அடர்த்தியை அளப்பது) வேண்டாமா என்று கேட்டார். கட்டாயம் வேண்டும். ரோலர் காட்டுவது டிரம் அதிர்வை வைத்துக் கணக்கிட்ட விறைப்பு எண், அது அடர்த்தி இல்லை. சப்கிரேடுக்குக் கேட்கிற 97 சதவீதத்தை (ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச அடர்த்தியில்) ஐஎஸ் 2720 பகுதி 28 சோதனைதான் சொல்லும். அந்தக் குழி தோண்டிய இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

இன்னொருவருக்குப் பெரிய ஃபைல் பென்டிரைவில் ஏறவில்லையாம். எஃப்ஏடி32 வடிவத்தில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்-ஃபேட்டுக்கு மாற்றும் முன் உங்கள் பேனல் அதைப் படிக்குமா என்று பாருங்கள், எங்களுடையது படிக்கவில்லை. அதனால் நாங்கள் வாரக்கணக்கில் சேர்த்து வைக்காமல் இரண்டிரண்டு நாளாகவே எடுக்கிறோம்.