பூச்சிகளின் நியூரோபெப்டைடுகள்: எங்கே தவறு செய்கிறோம்?

பூச்சிகளின் நியூரோபெப்டைடுகளை, அதாவது நரம்பு செல்கள் செய்தி சொல்லச் சுரக்கும் சிறு அமினோ அமிலச் சங்கிலிகளை, படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் பெப்டைடின் பெயர், மறுபக்கம் அதன் வேலை. தேர்வுக்கு இது வசதிதான். ஆனால் பூச்சியின் உடல் அப்படி இயங்குவதில்லை.

கேப்பா பெப்டைடுகளைப் பாருங்கள். பழ ஈயில் இவை பூச்சியின் சிறுநீரகம் போன்ற மால்பிஜியன் குழல்களைத் தூண்டி, சிறுநீர்ச் சுரப்பைக் கூட்டுவதாக முதலில் கண்டறிந்தார்கள். ரத்தம் உறிஞ்சும் ரோட்னியஸ் பூச்சியிலோ இதே குடும்பத்துப் பெப்டைடு சுரப்பைக் குறைக்கிறது. காரணம் அதன் சாப்பாட்டில் இருக்கிறது. ஒரே வேளையில் தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை ரத்தம் குடித்துவிடும். உபரி நீரை உடனே வெளியேற்ற வேண்டும், போதுமான அளவு போனதும் நிறுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் வறண்டே செத்துவிடும். நிறுத்தும் வேலைதான் இங்கே கேப்பாவுக்கு. இதில் இன்னொரு சிக்கல்: பழ ஈயிலேயே மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் சுரப்பு குறைவதாகவும் ஆய்வுகள் வந்துள்ளன. ஆக, எந்தப் பூச்சி, எவ்வளவு அளவு என்று சொல்லாமல் ‘கேப்பா என்ன செய்யும்’ என்று கேட்பதில் பொருளில்லை. ஊசியில் ஏற்றும் அளவு உடலில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு என்றால், கிடைக்கும் விளைவை அப்படியே நம்பவும் முடியாது.

பெயரை நம்புவதும் இதே வகைத் தவறுதான். அல்லாடோஸ்டாட்டின்-ஏ கரப்பான் பூச்சியில் இளம்பருவ ஹார்மோன் உற்பத்தியைத் தடுப்பதால் அந்தப் பெயர் பெற்றது. பழ ஈயில் அதற்கு உணவு உட்கொள்வது தொடர்பான வேலைகளே முக்கியம்.

அப்புறம், பூச்சி ஹார்மோன் எல்லாமே பெப்டைடு என்று எழுதிவிடுகிறார்கள். புதிய தோல் உருவாகத் தூண்டும் எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. இளம்பருவ ஹார்மோன் கொழுப்பு சார்ந்தது. செரட்டோனினும் ஆக்டோபமைனும் அமீன்கள். எக்டைசோனைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் பிடிடிஹெச்தான் நியூரோபெப்டைடு. தோலுரிப்பைத் தொடங்கிவைக்கும் ஈடிஹெச் இன்னும் சுவாரசியமானது: பெப்டைடுதான், ஆனால் நரம்பு செல்லில் உருவாவதில்லை. மூச்சுக்குழல்களை ஒட்டியுள்ள இன்கா செல்களிலிருந்து கிளம்பி, நரம்பு மண்டலத்தின் மீது செயல்பட்டு, பழைய தோலைக் கழற்றும் அசைவுகளை வரிசையாக நடத்துகிறது.

உடலியலையும் நடத்தையையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அடிபோகைனெட்டிக் ஹார்மோன் என்றதும் வெட்டுக்கிளி பறக்கும்போது கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொடுப்பது என்று முடித்துவிடுவோம். ஆனால் அதைச் சுரக்கும் செல்களை அழித்த பழ ஈக்கள், பட்டினி போட்டால் மற்ற ஈக்களைப் போல உணவு தேடி அலைவதில்லை. சேமிப்பு மெதுவாகக் கரைவதால் பட்டினியில் கூடுதல் காலம் உயிரோடும் இருக்கின்றன. ஒரே மூலக்கூறு சேமிப்பையும் அலைச்சலையும் சேர்த்தே கையாள்கிறது.

பெப்டைடைத் தெளித்துப் பூச்சிகளைக் கட்டுப்படுத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கும் கொஞ்சம் நிதானம் தேவை. வெறும் 5 அமினோ அமிலங்கள் கொண்ட புரோக்டோலின் போன்றவைகூட மேல்தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். குடலில் நொதிகள் சிதைத்துவிடும். அதனால்தான் எளிதில் சிதையாத போலி மூலக்கூறுகளை வடிவமைக்கிறார்கள். சரி, அவை உள்ளே போய் வேலை செய்தாலும், பூச்சிப் பெப்டைடுகள் பலவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் தேனீக்களுக்கும் உண்டு. தெளிப்பதற்கு முன் அந்தச் சோதனையும் நடந்தாக வேண்டும்.