பழைய படகில் கழிவுத் தொட்டி எங்கே?

புதுச்சேரியில் பழைய மோட்டார் படகு வாங்கியவரா? கழிப்பறையிலிருந்து போகும் தடித்த குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். கழிவுத் தொட்டி பெரும்பாலும் படுக்கைக்கு அடியிலோ தளப்பலகைக்குக் கீழோ இருக்கும்.

நாற்றம் வந்தால் உடனே தொட்டியைக் கழற்றாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியதும் முகருங்கள். துணி நாறினால் கோளாறு குழாயில்தான், மாற்றிவிடுங்கள். தொட்டியின் காற்றுக்குழாயையும் பாருங்கள், குளவி கூடு கட்டி அடைத்திருக்கலாம்.

பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தொட்டியில் விரிசல் என்றால் எபாக்சி பசை சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் வெல்டிங்தான் சரி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பழுது பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அலுமினியத் தொட்டியைச் சிறுநீர் அரித்துவிடும். அதற்கு ஒட்டுப்போடுவதைவிட மாற்றுவதே மேல்.

எதற்கும் முன், தொட்டியைக் காலிசெய்து கழுவி, நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு ஆளையே சாய்த்துவிடும். தனியாக இறங்காதீர்கள்.