அணி மாறி அணி மாறி ஆடும் கூடைப்பந்து வீரர் தொழிலில் நிலைத்திருக்கும் வழி

தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரே அணியில் பல்லாண்டுகள் ஆடி ஓய்வு பெறுபவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் ஓராண்டு ஒப்பந்தத்திலோ பத்து நாள் ஒப்பந்தத்திலோ ஊர்விட்டு ஊர் போய் ஆடுபவர்கள். இந்த நாடோடி ஆட்டத்தைத் தோல்வியாகப் பார்ப்பது பெரும் தவறு. 2010-இல் புதிய வீரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாமலே, வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குள் நுழைந்த இஷ் ஸ்மித், 13 அணிகளுக்கு ஆடி அந்த லீக்கின் சாதனையைத் தம்வசம் வைத்திருக்கிறார். பதின்மூன்றாவது அணியான டென்வர் நகெட்ஸுடன் 2023-இல் சாம்பியன் பட்டமும் வென்றார். அவருக்கு முன் 12 அணிகளுக்கு ஆடிய நால்வர் அந்தச் சாதனையைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். அவர்களில் சக்கி பிரவுன் 1995-இல் ஹூஸ்டனுடனும், டோனி மாசன்பர்க் 2005-இல் சான் ஆன்டோனியோவுடனும் பட்டம் பெற்றவர்கள். இந்தப் பாதையில் போக விரும்புபவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றுதான்: வந்து சேர்ந்த மறுநாளே நம்பிக் களத்தில் இறக்கக்கூடிய ஆட்டக்காரரைத்தான் அணிகள் திரும்பத் திரும்பத் தேடி அழைக்கின்றன.

அதற்கு ஒரே ஒரு வேலையில் கைதேர்ந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுத்தவருக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் புள்ளி குவிக்கும் நட்சத்திரங்கள் எல்லா அணிகளிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பவர், மூலையில் நின்று மூன்று புள்ளி எறிபவர், பந்தைத் தவறவிடாமல் ஆட்டத்தை நடத்துபவர் ஆகியோருக்குத்தான் பருவத்தின் நடுவில் திடீரென்று இடம் காலியாகிறது. பி.ஜே. டக்கர் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். 2006-இல் டொராண்டோவுக்குத் தேர்வானவர், அங்கே நிலைக்க முடியாமல் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி எனச் சுற்றினார். 2012-இல் தற்காப்பு வல்லுநராக என்பிஏவுக்குத் திரும்பி, 2021-இல் மில்வாக்கியுடன் பட்டம் வென்றார்.

புதிய அணியில் முதல் இரண்டு நாட்கள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எதிரணியின் உயரமான ஆட்டக்காரர், பந்து வைத்திருப்பவரை மறிக்கும் நம் காவலருக்குக் (கார்டு) குறுக்கே தடுப்பாக வந்து நிற்கும் அந்த ஒரு நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உயரமானவர் பின்வாங்கிக் கூடையைக் காப்பதா, முன்னேறிப் பந்தை மறிப்பதா, இருவரும் ஆளை மாற்றிக்கொள்வதா என்பதில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு முறை உண்டு. அதற்கு ஒவ்வோர் அணியும் வைத்திருக்கும் கூவல் வேறு. போன மாதம் ‘நீலம்’ என்று கூவினால் முன்னேறியவர், இந்த மாதம் அதே கூவலுக்குப் பின்வாங்க வேண்டியிருக்கலாம். ஆகவே வந்த அன்றே உதவிப் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து, தற்காப்புக் கூவல்களை முதலிலும், பந்தை வெளியிலிருந்து உள்ளே தரும்போது ஆடும் வகுத்த ஆட்டங்களை அடுத்தும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாக்குதலில் தடுமாறினால் சக ஆட்டக்காரர் கையைக் காட்டி வழி சொல்வார். தற்காப்பில் தடுமாறினால் அடுத்த நிமிடமே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

என்பிஏவில் பத்து நாள் ஒப்பந்தங்கள் ஜனவரி 5 முதல் தொடங்குகின்றன. பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், இவற்றில் எது நீளமோ அதுவரை அது செல்லும். ஒரே அணியோடு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் இப்படிக் கையெழுத்திடலாம். பிறகு அந்த அணி உங்களைப் பருவம் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். இருவழி ஒப்பந்தம் (ஒரு என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் அணிக்கும் சேர்த்து ஆடும் ஒப்பந்தம்) இல்லாமல், என்பிஏவின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கில் ஆடுபவரை என்பிஏவின் எந்த அணியும் அழைக்கலாம் என்பது பெரிய வசதி. வெளிநாட்டுக் கழகத்தில் ஊதியம் பொதுவாக ஜி லீக்கைவிட நன்றாக இருக்கும்; ஆனால் அந்த ஒப்பந்தம் பருவத்தின் நடுவில் உங்களைக் கட்டிப்போட்டுவிடும். வயது இருபத்தைந்துக்குள் இருந்து, அழைப்பு வரும் என்பதற்கு உண்மையான அறிகுறியும் இருந்தால் ஜி லீக்கில் காத்திருக்கலாம். அதைத் தாண்டியவர் வெளிநாடு போவதே நல்லது என்பது என் கருத்து.

வெளிநாட்டில் ஆட்டமே மாறுகிறது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம், என்பிஏவின் 48 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம். ஆறாவது தவறுக்கு (ஃபவுல்) வெளியேறிப் பழகியவர் ஐந்தாவதிலேயே வெளியேறுவார். மூன்று புள்ளிக் கோட்டின் மிகத் தொலைவான பகுதி 7.24 மீட்டரிலிருந்து 6.75 மீட்டராகக் குறைகிறது. தற்காப்பவர் கூடையருகே மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற தடை அங்கே இல்லாததால் உள்ளே எப்போதும் கூட்டம்; பாய்ந்து நுழைந்தே பழகியவர் முதல் மாதம் திணறுவார். புறப்படுவதற்கு முன்பே பந்தை நிறுத்தி எறியவும், வெளியே சட்டென்று கடத்தவும் பயிற்சி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ஊதியம் வரி கழித்த தொகையா, எந்தத் தேதிகளில் தரப்படும், எத்தனை நாள் தாமதமானால் நீங்கள் ஆடாமல் விலகலாம், காயம்பட்டால் மீதி ஊதியம் உறுதியா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வீடும் விமானச் சீட்டும் அப்படியே. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற வரி இருந்தால், வந்து இறங்கிய எத்தனை நாளுக்குள் அது நடக்க வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு அதையே சாக்காக வைத்து அனுப்பிவிட இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தகராறு வந்தால் ஃபிபாவின் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற பிரிவு கட்டாயம் வேண்டும். 2007 முதல் இயங்கும் அதன் தீர்ப்பை மதிக்காத கழகத்துக்கு, வெளிநாட்டு வீரர்களைப் புதிதாகப் பதிவு செய்வதற்குத் தடை விதிக்கப்படலாம் என்பதால், அந்தப் பிரிவு இருக்கும் ஒப்பந்தத்தில் ஊதியப் பாக்கி வசூலாகும் வாய்ப்பு கூடுகிறது. முகவர் ஃபிபா உரிமம் பெற்றவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போது பழைய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் வராமல் களத்தில் இறங்க முடியாது. ஆகவே பருவம் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன்பே, பழைய கழகத்தோடு கணக்குத் தீர்ந்ததற்கான கையெழுத்தையும், உங்கள் மருத்துவப் பதிவுகளையும், எல்லா ஆட்டங்களின் காணொளிகளையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.