தாய்ப்பால் கொடுப்பவர் கிளினிக்குக்கு வந்தால்: குடும்ப டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குகளில் புதிதாக அமரும் இளம் டாக்டர்களைக் கவனித்தால், முந்தைய தலைமுறை செய்த அதே தவறுகள் அச்சு மாறாமல் திரும்பி வருகின்றன. பிரசவம் பார்த்தது ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து பார்த்த தாதியும் சில வாரங்களில் வருவதை நிறுத்திவிடுவார். அதன் பிறகு இருமல், காய்ச்சல் என்றால் தாய் படியேறுவது பக்கத்துக் கிளினிக்தான். கை கழுவுவதும் “தாய்ப்பாலே சிறந்தது” என்ற போஸ்டரும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

“மருந்து முடியும்வரை பாலை நிறுத்துங்கள்”

இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். தொண்டை வலியோடு ஒரு தாய் வருகிறார். குழந்தைக்கு 5 வாரம். அமோக்சிசிலின் எழுதும் டாக்டர், ‘எதற்கு வம்பு’ என்று ஐந்து நாள் பால் கொடுக்க வேண்டாம் என்கிறார். மாலைக்குள் வீட்டுக்குப் பால்மாவு டின் வந்துவிடும். மறுநாள் மார்பு கட்டிக்கொள்ளும். அதற்கடுத்த நாள் சிவந்து காய்ச்சல் வரும். தேங்கிய பால் சுரப்பையும் குறைக்கும். ஆறாம் நாள் மார்பில் போட்டால், புட்டிக்குப் பழகிய குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். “உனக்குப் பால் பத்தவில்லை” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த மருந்துச்சீட்டை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பழி தாய்மேல்தான் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய் 1 கிராம் அமோக்சிசிலின் எடுத்தாலும் 1 லிட்டர் பாலில் சேர்வது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. 4 கிலோ குழந்தை நாளுக்குச் சுமார் 600 மில்லி குடிக்கும். அப்படியென்றால் அதன் உடம்புக்குப் போவது அரை மில்லிகிராம் அளவுதான். அதே மருந்தை அந்தக் குழந்தைக்கே எழுத நேர்ந்தால் நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில் தயங்காமல் எழுதுவோம்!

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய மருந்துகள் சில உண்டு. புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள், கதிரியக்க அயோடின் சிகிச்சை ஆகியவை அந்த வகை. கிளினிக் அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. சந்தேகம் இருந்தால், எந்த மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு சேரும் என்று சொல்லும் லாக்ட்மெட் (LactMed) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நிமிடம் போதும்.

உண்மையில் கவனிக்க வேண்டிய மருந்துகள்

மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கும். 60 மில்லிகிராம் ஒரே வேளை எடுத்ததற்கே அன்றைய பால் சுமார் கால்வாசி குறைந்ததைச் சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. உப்புநீர் ஸ்ப்ரே கொடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம். குழந்தையின் மூச்சை மந்தமாக்கலாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைக்குப் பதில் புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளதைக் கொடுங்கள்.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது ஜி6பிடி, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்சைமின் குறைபாடு. தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனையின் முடிவு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். குறைபாடு இருந்தால் தாயின் சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின், கோட்ரைமாக்சசோல் இரண்டையும் தவிருங்கள். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் பாச்சை உருண்டை போடவும் கூடாது.

மார்பு சிவந்து காய்ச்சலோடு வரும்போது

இங்கும் “நிறுத்து” என்பதே தவறு. வலிக்கும் பக்கத்திலும் குழந்தை குடிக்கலாம். குழந்தைக்குத் தேவையான அளவுக்கு மேல் பீய்ச்சினால் சுரப்பு கூடி வீக்கம் மோசமாகும். மசாஜ்கார அம்மாவைக் கூப்பிட்டு அழுத்தி உருவுவது திசுவைக் காயப்படுத்தும். குளிர் ஒத்தடமும் ஐபுபுரோஃபெனும் கொடுத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் குறையாவிட்டால், அல்லது தாய் மிகவும் சோர்ந்திருந்தால், குளோக்சசிலின் 500 மில்லிகிராம் நாளுக்கு நான்கு வேளை, 10 முதல் 14 நாள். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். மருந்து தொடங்கி 48 மணி நேரத்துக்குப் பிறகும் கட்டி அப்படியே இருந்தால் சீழ் இருக்கலாம்; ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

எடை பார்க்காமல் “பால் பத்தவில்லை” என்பது

துணியைக் கழற்றி, எப்போதும் ஒரே தராசில் நிறுங்கள். முதல் நாட்களில் 10 சதவீதம் வரை எடை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். பிறகு மூன்று மாதம் வரை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு ஈர நாப்கினாவது வேண்டும்.

அப்புறம், அங்கேயே பால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இதற்கு நேரமில்லை என்பதை ஏற்க முடியாது. தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனைபோல் சரிந்து நசுங்கியிருந்தால் பிடிப்பு சரியில்லை. அப்போது டானிக் எதற்கு? குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து போடச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலைக்கு வெயில், குளுக்கோஸ் தண்ணீர்

வேண்டாம். அடிக்கடி பால், ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி) பரிசோதனை. முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

தேன், வசம்பு

வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசாமல் விடுவது

2023 முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 98 நாள். 12ஆம் வாரத்தில் தடுப்பூசிக்கோ சளிக்கோ வருபவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: வேலையிடத்தில் பால் பீய்ச்ச இடமிருக்கிறதா, ஐஸ்பெட்டி (ஃபிரிட்ஜ்) இருக்கிறதா? பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் அதிகபட்சம் 4 மணி நேரம் தாங்கும், அதுவும் 25 டிகிரிக்குள். ஐஸ்பெட்டியில் 4 நாள். ஏர்கோன் இல்லாத கோலாலம்பூர் மதியத்தில் அந்த 4 மணி நேரத்தை நம்ப வேண்டாம். பீய்ச்சியவுடன் ஐஸ் வைத்த பையில் வைக்கச் சொல்லுங்கள்.