வெள்ளத்தில் நின்ற ஸ்போர்ட்ஸ் காரை மீட்பது எப்படி: போர்ஷே பாக்ஸ்டர் 987-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

தண்ணீர் வடிந்ததும் பேஸ்மென்ட்டுக்கு ஓடிப்போய் எல்லோரும் முதலில் செய்வது, ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்ப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களில், தண்ணீரை விட அந்த ஒரு திருகலில் செத்த என்ஜின்கள்தான் மனசை அதிகம் உறுத்துகின்றன. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அவ்வளவுதான். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தராது, என்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகக் கட்டியிருந்தால்தான் பேச்சே.

ஆகவே முதல் வேலை, பாட்டரியைக் கழற்றுவது. ஈரமான கனெக்டரில் 12 வோல்ட் ஓடிக்கொண்டே இருந்தால் செம்பு பச்சை பூத்து அரித்துப் போகும், மின்சாரம் இல்லாத ஈரம் அவ்வளவு வேகமாகக் கெடுக்காது. 987 மாடல் பாக்ஸ்டரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டரி இருப்பது முன்பக்க டிக்கியில், அதைத் திறக்கும் தாழ்ப்பாளோ மின்சாரத்தில் வேலை செய்வது. பாட்டரி செத்திருந்தால் டிக்கி திறக்காது. பயப்பட வேண்டாம், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஒரு பாசிட்டிவ் முனையை வெளியே இழுக்க முடியும். அதில் வெளி பாட்டரியின் பாசிட்டிவையும், கதவுத் தாழ் மாட்டும் இரும்புக் கொக்கியில் நெகட்டிவையும் கொடுத்து டிக்கியைத் திறந்து, உடனே வெளி பாட்டரியை எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் விடுவித்துவிட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இந்தக் காரின் ஹேண்ட்பிரேக் பின் டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் சின்ன டிரம்மில் பிடிப்பது, நனைந்த லைனிங் நாலு நாளில் துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

எதையும் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். தண்ணீர் நின்ற கோடு கதவின் உள்பக்கத்தில், சீட்டில், என்ஜின் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை, பாட்டரியைத் தவிர ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ்தான், அதாவது பழுது பார்க்காமல் காரின் மதிப்பையே பணமாகத் தருவார்கள். தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. சீட்டின் அடிப்பலகைக்குக் கீழே நின்றிருந்தால் தாராளமாக மீட்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் உங்கள் பொறுமையையும் பர்ஸையும் பொறுத்தது. இது மழைத் தண்ணீருக்குச் சொல்வது. கடல் தண்ணீர் என்றால் கணக்கே வேறு: 2012-இல் சாண்டி புயலின்போது அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் உப்புத் தண்ணீரில் நின்ற 16 ஃபிஸ்கர் கர்மா ஹைப்ரிட் கார்கள் எரிந்தே போயின. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டி உப்புத் தண்ணீரில் நின்றிருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஹை வோல்டேஜ் பயிற்சி உள்ளவர் வரும்வரை கை வைக்காதீர்கள்.

சரி, என்ஜினுக்கு வருவோம். பாக்ஸ்டரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் இருக்கிறது, அது மூச்சு விடுவது பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் உள்ள துவாரம் வழியாக. தண்ணீர்க் கோடு அந்தத் துவாரத்தைத் தொட்டதா என்று முதலில் பாருங்கள். தொடாவிட்டாலும் ஏர் ஃபில்டரை எடுத்துக் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆயில். ட்ரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலை அடியில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம் என்பதால் அடியில் தங்கி நிற்கும். முதலில் சொட்டுவது வெறும் தண்ணீராக இருந்தால் உள்ளே போயிருக்கிறது, ஆனால் இன்னும் கலக்கவில்லை, அது நல்ல சேதி. பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் யாரோ ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். பக்கவாட்டில் கீழிருந்து கை விட வேண்டியிருக்கும், லிஃப்ட் இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்குள் எல்லா பிஸ்டனும் நாலு ஸ்ட்ரோக்கையும் முடித்துவிடும். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். தண்ணீர் போன வண்டியாக இருந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம் எடுங்கள், ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதை விடக் குறைவாகக் காட்டினால் ராடு வளைந்திருக்கலாம். தேறினால் விலை மலிந்த ஆயிலை ஊற்றி, கொஞ்ச நேரம் ஐடிலில் சூடாக்கி வடித்துவிட்டு, ஆயில் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நல்ல ஆயில் அதற்கப்புறம்தான். கியர் பாக்ஸுக்கும் மேலே காற்று போய்வர ஒரு பிரீதர் துளை இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம், அந்த ஆயிலையும் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சாமான், முழுக்க மாற்றுங்கள். பெட்ரோலில் ஒரு பாட்டில் எடுத்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தண்ணீர் புகுந்திருந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். முன் பம்பரையும் கழற்றிவிடுங்கள், ரெண்டு பக்க ரேடியேட்டர்களுக்கும் முன்னால் சேறும் இலையும் அடைத்திருக்கும், அதைக் கழுவாமல் ஓட்டினால் ஹீட் ஆகும்.

இவ்வளவும் சுலபமான பகுதி. இந்தக் காரில் பணத்தைத் தின்பது எலக்ட்ரிக்கல்தான். பல பாக்ஸ்டர்களில் சீட்டுக்கு அடியில், காரின் உட்புறத்திலேயே ஏறக்குறைய மிகத் தாழ்வான இடத்தில், இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) அலாரமும் சென்ட்ரல் லாக்கும் சேர்ந்த கண்ட்ரோல் யூனிட்டைப் போர்ஷே வைத்திருக்கிறது. ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே போச்சு, சாவியைக் கார் அடையாளம் காணாது. யூனிட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பிறகு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காய வையுங்கள். பிழைக்காவிட்டால் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் சாவியின் விவரம் உள்ளே ஒரு சின்ன இஇப்ராம் சிப்பில் இருக்கிறது. அதைப் படித்து அதே பார்ட் நம்பர் உள்ள பழைய யூனிட்டில் ஏற்றித் தர, ஈசியூ (கார் கண்ட்ரோல் யூனிட்) வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்ப்பெட் மேலே காய்ந்தது போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அடியில் கனமான ஃபோம் இருக்கிறது, கையை விட்டு அழுத்தினால் வாரக்கணக்கில் தண்ணீர் வரும். சீட்டையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும். சீட்டில் கை வைப்பதற்கு முன், பாட்டரி கழற்றிக் கொஞ்ச நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட் டென்ஷனருக்கும் போகிறவை, மீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது. நனைந்த ஏர்பேக் பாகங்களை மாற்றத்தான் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டிசம்பர் சென்னையில் கதவைத் திறந்து வைத்தால் கார் காயாது, வெளிக் காற்றே ஈரம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் ஒன்றை உள்ளே ஓட விடுங்கள், தொட்டியில் தண்ணீர் சேர்வது நிற்கும்வரை. கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். கனெக்டரின் உலோகப் பின்னில் பச்சை தெரிந்தால் ஒயரையும் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள், தண்ணீர் இன்சுலேஷனுக்குள்ளேயே ஏறிப் போயிருக்கும், செம்பு கறுத்திருக்கும் தூரம்வரை மாற்ற வேண்டும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் ஆனதும் ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீடுகளை எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள், ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் குறியீடு, நீங்கள் பிரிக்காமல் விட்ட கனெக்டரைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் கூரையின் வடிகால்கள்: சாஃப்ட் டாப் மடங்கி உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் துளை உண்டு, வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் இலை அடைத்துக்கொள்ளும், வெள்ளமே வராமல் வெறும் மழையிலேயே சீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். செப்டம்பரிலேயே மெல்லிய பிளாஸ்டிக் ஒயரை விட்டுக் குத்தி எடுத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் கொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.