மலை இறக்கத்தில் ஃபோர் வீல்: கொழும்புக்காரர் விடும் தவறுகள்

கொழும்பில் ஜீப் வைத்திருப்பவருக்குச் சரிவு என்றால் பெரும்பாலும் வாகனத் தரிப்பிடத்து ஏற்றம்தான். காலி வீதி நெரிசலில் ஃபோர் வீல் கியரைத் தொட வேண்டிய தேவையே வராது. போயாவோடு சேர்ந்து நாலு நாள் விடுமுறை கிடைத்து, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு ஏறி, ஏதோ ஒரு தேயிலைத் தோட்டப் பாதைக்குள் திரும்பும்போதுதான் அதன் ஞாபகம் வருகிறது.

ஃபோர் வீல் போட்டால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எந்தக் காரிலும் பிரேக் நான்கு சில்லுக்கும் உண்டு. ஃபோர் வீல் பகிர்ந்து கொடுப்பது இஞ்சினின் இழுவையை. நிற்பது டயரின் பிடிப்பைப் பொறுத்தது. சேற்றில் ஜம்மென்று ஏறிய வாகனம் அதே சேற்றில் இறங்கும்போது வழுக்குவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, இறக்கத்தில் அதனால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் இஞ்சின் பிரேக் வழியாக, அதாவது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இஞ்சினே சில்லுகளை இழுத்துப் பிடிப்பதன் வழியாக. பின்சில்லு மட்டும் இயங்கும் 2எச்சில் இறங்கினால், இஞ்சின் பிடித்து நிறுத்துவது பின்சில்லுகளை மட்டும். இறக்கத்தில் பாரம் முன்பக்கம் சாய்வதால் பின்சில்லுகள் லேசாகி, வால் பக்கம் சறுக்கும். நான்கு சில்லும் மெதுவாக இயங்கும் லோ கியரான 4எல்லில் முதல் கியரைப் போட்டால் அந்தப் பிடி நான்கு சில்லுக்கும் போகும், வேகமும் தானாகவே ஆமை வேகமாகிவிடும். அதன் பிறகு கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்த கணமே இஞ்சினின் பிடி போய்விடும்.

4எல்லுக்கு இறக்கத்தின் நடுவில் மாற்ற முயல்வது இன்னும் மோசம். மாறும் இடைவெளியில், இஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நிற்கும். அப்போது இஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே கிடையாது, ஓட்டோ கியரைப் பார்க்கில் வைத்தாலும் வாகனம் உருளும். மேலே சமதரையில் நிறுத்திப் போட்டுவிட்டே இறங்குங்கள்.

புதிய வாகனங்களில் இறக்கக் கட்டுப்பாட்டு பட்டன் இருக்கிறது. 1997இல் ஃப்ரீலாண்டரில் லாண்ட் ரோவர் இதைக் கொண்டுவந்ததே, அதில் லோ கியர் இல்லாத குறையை ஈடுகட்டத்தான். அது பிரேக்கை வைத்தே வேலை செய்வதால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும். லோ கியர் உள்ளவர்கள் லோ கியரையே நம்புவது நல்லது என்பேன்.

தோட்டப் பாதை முடிந்து காய்ந்த தார் வீதிக்கு வந்ததும் 2எச்சுக்கு மாற்ற மறக்காதீர்கள். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஜிம்னி போன்றவற்றில் இரண்டும் பூட்டியபடி இருப்பதால் ஸ்டியரிங் இறுகும், கியர் பாகங்கள் தேயும். சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு உள்ள மொன்டெரோவில், முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால், அதைப் பூட்டாதவரை தாரிலும் 4எச்சில் (நான்கு சில்லும் வழக்கமான வேகத்தில் இயங்கும் நிலையில்) ஓடலாம்.

கடைசியாக, ஏறும்போது பாதி வழியில் இஞ்சின் நின்றுவிட்டால் வாகனத்தைக் குறுக்கே திருப்பப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, இஞ்சினை மறுபடி இயக்கி, லோ ரிவர்ஸில் நேராகப் பின்னால் இறக்குங்கள்.